பேர் வாங்கியது எண்டார்ஃபின், வேலை பார்த்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை மெரினாவில் கலங்கரை விளக்கத்தின் பக்கம் போனால், அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்கிற வண்டிகளைச் சுற்றி, நனைந்த பனியன்களோடு ஒரு கூட்டம் நிற்கும். பேச்சு கிலோமீட்டர், முட்டிவலி, ஷூ தள்ளுபடி என்று சுற்றிவிட்டு எப்படியும் ‘ரன்னர்ஸ் ஹை’க்கு வந்து சேரும். எட்டாவது கிலோமீட்டர் தாண்டியதும் கால் தானாக ஓடியது, மனதில் ஒரு கவலை இல்லை, விட்டிருந்தால் மகாபலிபுரம் வரை போயிருப்பேன் என்று ஒருவர் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் உடனே காரணமும் சொல்லிவிடுவார்: “எல்லாம் எண்டார்ஃபின் சார்.”

வலியைத் தணிக்க உடம்பே தயாரித்துக்கொள்கிற, மார்ஃபின் மாதிரியான பொருள்தான் எண்டார்ஃபின். இந்தப் பதில் உலகம் முழுக்கப் புழங்குவதுதான். ஜிம் சுவரில் எழுதியிருக்கிறது, அலுவலக மின்னஞ்சலில் வருகிறது, வாட்ஸ்அப்பில் கேட்கவே வேண்டாம். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் இந்த விளக்கம் நன்றாகவே ஆட்டம் கண்டிருக்கிறது. அது ஆய்வகத்துக்குள் முடிந்துபோகிற சண்டை என்றால் விட்டுவிடலாம். எண்டார்ஃபின் கதை கூடவே இன்னொரு நம்பிக்கையையும் நம்மிடம் விட்டுப் போயிருக்கிறது: உடம்பை வருத்தினால்தான் அந்தச் சுகம் கிடைக்கும், பட்ட வலிக்கு மூளை கொடுக்கிற கூலிதான் அது என்பது. சென்னை மாதிரி ஒரு ஊரில் இந்த நம்பிக்கையோடு ஓடுகிறவர், அந்தச் சுகம் வரக்கூடிய வழியைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பது என் எண்ணம். ஏன் என்பதைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

முதலில், எந்த உணர்வைப் பற்றிப் பேசுகிறோம்? ஓட்டம் முடிந்ததும் ‘அப்பாடா’ என்று வருகிற திருப்தி வேறு. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும்போது வருகிற பெருமை வேறு. ஆரம்பத்தில் மூச்சு வாங்கி, பத்து நிமிடத்தில் சீராகிறதே, அதுவும் வேறு; தசைகள் கேட்கிற ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் கொடுக்கப் பழகிக்கொண்டதால் வருவது அது. ரன்னர்ஸ் ஹை என்ற பெயரில் ஆய்வாளர்கள் தேடுவது நான்கு விஷயங்களை: இன்ன காரணம் என்று சொல்ல முடியாத மகிழ்ச்சி, பதற்றம் தணிவது, வலி மட்டுப்படுவது, ஓடி முடித்த பின் வருகிற ஓர் அமைதியான மந்தம். நேரம் போனதே தெரியவில்லை என்பதையும் பலர் சேர்த்துச் சொல்கிறார்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி கையை விரித்துக்கொண்டு பறக்கிற பரவசத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அனுபவித்தவர்கள் விவரிப்பது பெரும்பாலும் அடங்கிய தொனியில்தான் இருக்கும். சிலருக்கு அடிக்கடி வரும், சிலருக்கு எப்போதாவது. வருடக்கணக்கில் ஓடியும் ஒரு தடவைகூட வராதவர்களும் உண்டு.

சரி, எண்டார்ஃபின் எப்படி உள்ளே வந்தது?

1973-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும், மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்கிற ஏற்பிகள் மூளையில் இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் நியூயார்க்கிலும் ஸ்வீடனிலும் இருந்த ஆய்வாளர்களும் அதையே கண்டார்கள். அபினிச் செடியின் பாலுக்கு மனித மூளையில் எதற்காக இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது? உடம்பே அதுபோல ஒன்றைத் தயாரிக்கிறதா? 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து அப்படிப்பட்ட இரண்டு சிறு புரதத் துண்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் சோ ஹாவ் லீ, ஒட்டகத்தின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து பீட்டா எண்டார்ஃபினை எடுத்துக் காட்டினார்.

அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்த இன்னொரு விஷயம் இதற்குச் சம்பந்தமே இல்லாதது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபிராங்க் ஷார்ட்டர் என்ற அமெரிக்கர் மாரத்தானில் தங்கம் வாங்கினார். அதற்குப் பிறகு அந்த நாட்டில் ஓடுவது ஒரு பெரிய மோகமாகவே ஆனது. அலுவலகம் போகிற சாதாரண ஆட்கள் ஷூ மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். ஊரே ஓடிக்கொண்டிருக்கும்போது ‘உடம்புக்குள்ளேயே மார்ஃபின் இருக்கிறது’ என்ற செய்தி வந்தால், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஓடியவர்களின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பீட்டா எண்டார்ஃபின் கூடியிருந்தது. உடற்பயிற்சியில் பழகப் பழக அந்தச் சுரப்பும் கூடுகிறது என்று 1981-ல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் பெண்களை வைத்து நடத்திய ஆய்வு வந்தது. வழக்கு முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஓட்டை இருந்தது அளந்த இடத்தில். அவர்கள் அளந்தது இரத்தத்தை. மகிழ்ச்சி உண்டாவதோ மூளையில். இரத்தக் குழாய்களுக்கும் மூளைத் திசுவுக்கும் நடுவே மிகக் கறாரான ஒரு தடுப்பு இருக்கிறது. சிறிய மூலக்கூறுகளும் கொழுப்பில் கரைகிறவையும் அதைத் தாண்டும். பீட்டா எண்டார்ஃபின் 31 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இரத்தத்தில் எவ்வளவு ஏறினாலும் அதனால் அந்தத் தடுப்பைச் சுலபமாகக் கடக்க முடியாது. போதாக்குறைக்கு, பிட்யூட்டரிச் சுரப்பி அதைத் தனியாக வெளியே விடுவதில்லை. உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது கார்டிசாலைச் சுரக்கத் தூண்டுகிற ஹார்மோனும் எண்டார்ஃபினும் ஒரே மூலப் புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, சேர்ந்தே வெளியே வருகின்றன. ஆக, ஓடியவரின் இரத்தத்தில் எண்டார்ஃபின் ஏறியிருந்தது என்றால், அவர் உடம்பு சிரமப்பட்டது என்பதற்கு அது நல்ல சாட்சி. அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதற்கு அது சாட்சி இல்லை.

மூளைக்குள்ளேயே பார்த்துவிடலாம் என்று ஜெர்மனியில் ஹென்னிங் போக்கரின் குழு முயன்றது. பயிற்சி பெற்ற 10 ஓட்டக்காரர்களை ஓய்வாக இருந்தபோது ஒரு தடவை, 2 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒரு தடவை, மூளைக்குள் வேதிப்பொருள்களின் நடமாட்டத்தைக் காட்டுகிற பெட் ஸ்கேன் எடுத்தார்கள். ஓட்டத்துக்குப் பிறகு, மூளையின் முன்பகுதியிலும் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள பகுதிகளிலும் அபினி வகை ஏற்பிகளை ஏதோ ஒன்று பிடித்துவைத்திருந்தது தெரிந்தது. பரவசம் கூடுதலாக இருந்தது என்றவர்களுக்கு இந்த மாற்றமும் கூடுதலாக இருந்தது. 2008-ல் இது வெளியானபோது எண்டார்ஃபின் கட்சிக்குப் பெரிய கொண்டாட்டம். நல்ல ஆய்வுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் திருட்டு நடந்த தெருவில் நின்றிருந்தார் என்பதற்காக ஒருவரைத் திருடன் என்று எழுதிவிட முடியுமா? எண்டார்ஃபின் வகைப் பொருள் ஏதோ மூளையில் இருந்தது என்பதை அந்த ஸ்கேன் காட்டியது. அது இல்லாவிட்டால் அந்த மகிழ்ச்சி வந்திருக்குமா, வந்திருக்காதா என்பது தனிக் கேள்வி. அதற்கு எண்டார்ஃபினை அடைத்துவைத்துவிட்டு ஆட்களை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

அது நடப்பதற்கு முன்பே வேறொரு ஆள் உள்ளே வந்துவிட்டார். கஞ்சாவில் போதை தருகிற பொருள் எது என்று 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்குலமும் யெஹியல் காவோனியும் கண்டுபிடித்திருந்தார்கள். அபினிக்குக் கேட்ட அதே கேள்வி கஞ்சாவுக்கும் வந்தது. 1992-ல் ஜெருசலேமில் மெக்குலமின் ஆய்வகத்தில் வில்லியம் டெவேனும் லூமிர் ஹனுஷும், கஞ்சா வேலை செய்கிற அதே ஏற்பியில் ஒட்டிக்கொள்கிற ஒரு பொருளை மூளையிலிருந்தே எடுத்தார்கள். அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். நம்ம ஊர் ‘ஆனந்தம்’தான். இது கொழுப்பு வகையைச் சேர்ந்த சின்ன மூலக்கூறு. எண்டார்ஃபினுக்குத் திறக்காத தடுப்பை இது தாண்டிவிடும். இதுபோல உடம்பு தானே செய்துகொள்பவற்றுக்கு மொத்தமாக எண்டோகன்னாபினாய்டு என்று பெயர்.

2003-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களை 50 நிமிடம் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். வேகம் மிதமானது, அதிகபட்ச இதயத் துடிப்பில் 70 முதல் 80 விழுக்காடு. ஆனந்தமைடு தெளிவாக ஏறியிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏறவில்லை.

2015-ல் யோஹானஸ் ஃபுஸ் தலைமையிலான ஜெர்மன் குழு இதை எலிகளிடம் கொண்டுபோனது. எலிகளுக்குச் சக்கரம் வைத்துக் கொடுத்தால் அவை தாமாகவே மணிக்கணக்கில் ஓடும். (கூண்டில் அடைத்துவைத்த சலிப்பில் ஓடுகிறது என்று நாம் நினைப்போம். 2014-ல் நெதர்லாந்தில் திறந்த வெளியில் சக்கரங்களை வைத்துப் பார்த்தார்கள். காட்டு எலிகள் வந்து ஏறி ஓடிவிட்டுப் போயின. தவளைகளும் நத்தைகளும்கூட ஏறிப் பார்த்தன என்பது அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த தகவல்.) ஃபுஸின் எலிகள் நெடுநேரம் ஓடிய பிறகு வெளிச்சத்துக்குப் பயப்படுவது குறைந்தது, சூட்டின் வலியைக் கூடுதலாகத் தாங்கின, சாதுவாகவும் ஆயின. எண்டார்ஃபின் ஏற்பிகளை மருந்தால் அடைத்தபோது இந்தத் தைரியத்துக்கும் வலி தாங்குவதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கன்னாபினாய்டு ஏற்பிகளை அடைத்தபோது இரண்டும் காணாமல் போயின.

எலி சந்தோஷமாக இருந்ததா என்று எலியிடம் கேட்க முடியாது. அதனால் ஃபுஸ் அடுத்து மனிதர்களிடம் வந்தார். 63 பேர், 45 நிமிடம் டிரெட்மில். சிலருக்கு நால்ட்ரெக்சோன், அதாவது அபினி வகை ஏற்பிகளை அடைக்கிற மாத்திரை; சிலருக்கு ஒன்றுமில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது. 2021-ல் வெளியான முடிவு இதுதான்: நடந்தபோது இருந்ததைவிட ஓடியபோது மகிழ்ச்சி கூடியது, பதற்றம் குறைந்தது, எண்டோகன்னாபினாய்டுகளும் ஏறின. எண்டார்ஃபினின் வழியை அடைத்துவைத்திருந்தவர்களுக்கும் அப்படியே நடந்தது. அந்த மகிழ்ச்சிக்கு எண்டார்ஃபின் அவசியமில்லை என்று இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கஷ்டம்.

எண்டார்ஃபின் இல்லை என்று காட்டிவிட்டார்கள். எண்டோகன்னாபினாய்டுதான் என்று மனிதரிடம் நேரடியாகக் காட்டுவதுதான் சிக்கலாக இருக்கிறது. அந்த ஏற்பியை அடைக்கிற மருந்து ஒன்று இருந்தது. ரிமோனபன்ட் என்ற பெயரில் 2006-ல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்காக அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்தது. கூடவே சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008-ல் விற்பனையை நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட மருந்தைக் கொடுத்து ஆரோக்கியமானவர்களை டிரெட்மில்லில் ஏற்றிப் பார்க்க இன்று யாரும் எளிதில் துணிய மாட்டார்கள். இன்னொரு விதமாகப் பார்த்தால், அந்த விபரீதமே ஒரு சாட்சியம்: உடம்பின் சொந்தக் கஞ்சாவைத் தடுத்தால் மனிதருக்கு உற்சாகம் வற்றிப்போகிறது.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் ஸ்காட்லாந்தில் கிடைத்தது. வயதான பெண்மணி ஒருவர், கையில் கடுமையாக வலிக்கக்கூடிய ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி மருந்தே வேண்டாம் என்றார். விசாரித்தால் வாழ்நாள் முழுக்க அப்படித்தான். அடுப்பில் கை சுட்டால் தீய்ந்த வாடை வந்துதான் அவருக்குத் தெரியுமாம். பயம், பதற்றம் என்றால் என்னவென்றே அவருக்குச் சரியாகத் தெரியாது. மறதி மட்டும் கொஞ்சம் உண்டு. அவருடைய மரபணுக்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். ஆனந்தமைடைச் சிதைக்கிற நொதி அவர் உடம்பில் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் இரத்தத்தில் அதன் அளவு மிக அதிகம். ஓடி முடித்தவர் அரைமணி நேரம் இருக்கிற நிலையின் மிகையான வடிவத்தில் அவர் பிறந்ததிலிருந்தே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

இப்படி ஓர் ஏற்பாடு மனிதருக்கு எதற்கு? டேவிட் ரேய்க்லன் என்ற மானிடவியல் ஆய்வாளர், மனிதரையும் நாயையும் ஃபெரெட்டையும் டிரெட்மில்லில் ஓடவிட்டார். ஃபெரெட் என்பது கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள சின்ன மிருகம்; வளையில் பதுங்கி வேட்டையாடுவது, நெடுந்தூரம் ஓடுகிற பழக்கம் இல்லாதது. மனிதருக்கும் நாய்க்கும் ஆனந்தமைடு ஏறியது, ஃபெரெட்டுக்கு ஏறவில்லை. 2012-ல் இதை வெளியிட்டபோது அவர் சொன்ன ஊகம்: நெடுந்தூரம் ஓடிப் பிழைத்த இனங்களுக்கு, ஓடுவதையே இன்பமாக ஆக்கிக் கொடுத்திருக்கிறது பரிணாமம். விடியற்காலை ஐந்து மணிக்கு அடையாறு தெருக்களில் நம்மைத் துரத்திக்கொண்டு வருகிற நாய்க்கும் அதே சுகம் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டால் கோபம் சற்றுத் தணியும். கணுக்கால் தப்புமா என்பது வேறு விஷயம்.

மனித உடம்பு ஓடுவதற்காகவே செதுக்கப்பட்டது என்று 2004-ல் டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும் விரிவாக வாதிட்டிருந்தார்கள். நீண்ட குதிகால் தசைநாண், பெரிய பின்தசை, ஓடும்போது தலை ஆடாமல் பிடிக்கிற கழுத்துத் தசைநார், அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாக வியர்வை. ரோமம் குறைந்த தோலும் லட்சக்கணக்கான வியர்வைச் சுரப்பிகளும் இருப்பதால், மான் மூச்சிரைத்து நிற்கிற வெயிலிலும் மனிதர் ஓடிக்கொண்டிருக்கலாம். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாகிப் போவதால்தான் குளிர்கிறது. நம் முன்னோர்கள் ஓடியது ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளியில். நாம் ஓடுவது வங்காள விரிகுடாவின் கரையில்.

இங்கேதான் சென்னை தனிக்கணக்காகிறது. காலை ஆறு மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரையில் வெயில் இருக்காது, ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாக இடமில்லாமல் முழங்கை வழியாகச் சொட்டும். சொட்டிய வியர்வையால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. உள்ளே சூடு ஏற ஏற, தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்பி அதைத் தணிக்க உடம்பு பார்க்கிறது. கால் தசைக்கும் இரத்தம் வேண்டும், தோலுக்கும் வேண்டும். இதயம் வேகமாக அடித்து இரண்டையும் சமாளிக்கிறது. அதனால் ஜனவரியில் ஓடிய அதே வேகத்தை மே மாதத்தில் ஓடினால் துடிப்பு 10, 15 கூடுவது சாதாரணம். கடிகாரம் காட்டுகிற வேகம் பழைய ‘ஈஸி ரன்’தான். உடம்பின் கணக்கில் அது கடும் ஓட்டம்.

ரேய்க்லனின் இன்னொரு ஆய்வை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2013-ல் அவர் ஒரே ஆட்களை வெவ்வேறு வேகங்களில் அரைமணி நேரம் ஓடவிட்டு அளந்தார். மெதுவாக நடந்தபோது எண்டோகன்னாபினாய்டு ஏறவில்லை. மிகக் கடுமையாக ஓடியபோதும் ஏறவில்லை. நடுவிலிருந்த மிதமான வேகங்களில்தான் ஏறியது. ஜார்ஜியா டெக் ஆய்வின் 70–80 விழுக்காடும் இந்த இடத்தில்தான் வருகிறது. 40 வயதுக்காரருக்கு, 220-லிருந்து வயதைக் கழிக்கிற பழைய தோராயக் கணக்குப்படி, இது நிமிடத்துக்கு 126 முதல் 144 துடிப்பு.

இப்போது நம் ஓட்டக்குழுக்களில் நடப்பதைப் பாருங்கள். ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானுக்குப் பல மாதங்களுக்கு முன்பே, வெயில் காலத்திலேயே பயிற்சி தொடங்கிவிடும். எல்லோர் கையிலும் கார்மின் கடிகாரம், எல்லோர் ஓட்டமும் ஸ்ட்ராவா செயலியில். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்பது மானப் பிரச்சினை. ஏழரைக்கு இறங்கினால் அலுவலகத்துச் சகா பார்த்துவிடுவாரே! அதனால் புழுக்கத்தில் நாக்குத் தள்ள ஓடிவிட்டு, ‘வலிக்கட்டும், எண்டார்ஃபின் வரும்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். வருவது பெரும்பாலும் தலைவலிதான். ஆய்வுகள் சொல்கிறபடி பார்த்தால், அவர்கள் தேடுகிற சுகம் இருக்கிற வேகத்தை முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே கடந்துவிடுகிறார்கள்.

கடிகாரம் இல்லாமலே அந்த வேகத்தைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது: பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. சேப்பாக்கம் ஆட்டத்தைப் பற்றி விவாதம் ஓடினால் வேகம் சரி. “ம்”, “ஆமா” என்று சுருங்கினால் குறைக்கலாம். நேரமும் முக்கியம். இருபது நிமிடத்தில் முடிகிற ஓட்டத்தில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது; மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் அரைமணி, முக்கால் மணி என்றுதான் போகின்றன. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினால் சுமார் 6 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று நிதானமாகப் போனால் 45 நிமிடம். ஃபுஸ் டிரெட்மில்லில் ஓடவிட்ட அதே நேரம், காசில்லாமல், கடல் காற்றோடு. இதே காரணத்தால்தான் மார்கழியில் ஓட்டம் இனித்தது என்று பலரும் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். விடியற்காலை வெப்பம் 21, 22 டிகிரிக்கு இறங்குகிறது. அதே வேகம் திடீரென்று மிதமான வேகமாகிவிடுகிறது.

எண்டார்ஃபினை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடவும் முடியாது. ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் 2018-ல் வந்த ஒரு பெட் ஸ்கேன் ஆய்வில், நின்று நின்று உச்ச வேகத்தில் செய்கிற பயிற்சிக்குப் பிறகு மூளையில் அபினி வகைப் பொருள்கள் வெளியானது தெரிந்தது. ஒரு மணி நேர மிதமான பயிற்சிக்குப் பிறகு அப்படித் தெரியவில்லை. கடும் பயிற்சி செய்தவர்களோ மகிழ்ச்சியை அல்ல, எரிச்சலையும் களைப்பையும்தான் கூடுதலாகச் சொன்னார்கள். வலியைத் தாங்க வைப்பதுதான் எண்டார்ஃபினின் முதல் வேலை என்று வைத்துக்கொண்டால் இது பொருந்திப்போகிறது. இன்னொரு இடம், கூட்டம். 2010-ல் ஆக்ஸ்ஃபோர்டு படகோட்டிகள் தனியாகத் துடுப்பு வலித்தபோதும் குழுவாகச் சேர்ந்து வலித்தபோதும் வலி தாங்கும் திறனை அளந்தார்கள். உழைப்பு ஒன்றுதான், ஆனால் சேர்ந்து வலித்தபோது கூடுதலாகத் தாங்கினார்கள். எண்டார்ஃபினை அங்கே நேரடியாக அளக்கவில்லை, வலி தாங்கும் திறனை வைத்துச் செய்த ஊகம்தான். இருந்தாலும், கால்கள் ஒரே தாளத்தில் விழ இருபது பேர் சேர்ந்து ஓடுகிற ஞாயிறு ‘லாங் ரன்’ தனியாக ஓடுவதைவிட லேசாக இருப்பது எல்லோரும் அறிந்ததுதான்.

நேரம் மறந்துபோவதற்கு வேறொரு விளக்கமும் உண்டு. ஆர்னே டீட்ரிக் என்ற ஆய்வாளரின் கருத்துப்படி, பெரிய தசைகளையெல்லாம் இயக்க மூளை தன் வளத்தை அந்தப் பக்கம் திருப்பும்போது, திட்டம் போடுகிற, கவலைப்படுகிற முன்மூளை கொஞ்சம் அடங்கிப்போகிறது. இன்னும் கருதுகோள்தான். ஆனால் ஐந்தாவது கிலோமீட்டரில் வீட்டுக்கடன் தவணையைப் பற்றி யோசிக்க முயன்று பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றும் வராதவர்களுக்கு என்ன சொல்வது? ஆனந்தமைடைச் சிதைக்கிற நொதியின் மரபணு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. உறக்கம், பழக்கம், முந்தின நாள் மனநிலை எல்லாம் இதில் சேர்கின்றன. டிரெட்மில் ஆய்வுகளில்கூடக் கிடைப்பது சராசரிதான். அந்தச் சராசரிக்குள் ஒன்றுமே உணராதவர்களும் அடக்கம். அதைத் தன் குறை என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடுவதுதான் தவறான மருந்து. நடந்தால் நல்லா இருக்கிறது என்பவர் நடந்தே போகலாம். இதயமும் சர்க்கரை அளவும் பரவசத்தைக் கேட்பதில்லை.

கடைசியாக, இந்த ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. வெயில் காலத்து நீண்ட ஓட்டத்தில் தலை லேசாவது, உடம்பு மிதக்கிற மாதிரி இருப்பது, காரணமில்லாமல் சிரிப்பு வருவது எல்லாமே ரன்னர்ஸ் ஹை ஆகிவிடாது. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போதும் மனிதர் குழம்புவார், உளறுவார். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் சோடியம் இறங்கினாலும் அப்படித்தான்; 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு சோடியம் குறைந்திருந்தது. வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ரன்னர்ஸ் ஹையில் இருப்பவர் தெளிவாகப் பேசுவார், நேராக ஓடுவார். புழுக்கத்தில் மயிர்க்கூச்செறிந்து குளிர்கிறது என்பவர், கால் பின்னுகிறவர், எங்கே நிற்கிறோம் என்று கேட்டால் தடுமாறுகிறவர் உடனே நிறுத்தப்பட வேண்டியவர். தெளிவாக இருக்கிறேன் என்று அவரே அடம்பிடித்தாலும் கேட்கக் கூடாது. நிழலில் படுக்கவைத்து, தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்து, 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாமல் இருக்க வேண்டும்.